துருவெடுக்க வந்த மலைச்செடிகள்

நுவரெலியாவுக்கு மேலேயுள்ள மலைக்காட்டில் நோய்ப்பட்டுக் கிடந்த முப்பத்தொரு செடிகள், 1937ஆம் ஆண்டு வைகாசி மாதம், வைத்தியத்துக்காகக் கற்பிட்டிக்கு நடந்து வந்தன. குருநாகல் வழியாகப் புத்தளம் வந்து, தில்லையடியில் ஒருநாள் தங்கி, பாலாவிச் சந்தியில் திரும்பி, ஒரு வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு இஸ்ஸதீனின் வளவுக்குள் நுழைந்து வரிசையாக நின்றன. வேர்களில் கறுப்பு மண் ஒட்டியிருந்தது. அந்த வருடம் தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்றும் ஒரு வாரம் முந்தியே தொடங்கியிருந்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு சொல்தான். அந்தக் காலத்தில் கோப்பித் தோட்டங்களைக் கொன்ற நோயைப் போல ஒன்று, உச்சியில் சிவப்பாகப் பூக்கும் மஹரத்மல் செடிகளின் இலைக்கடியில் செம்மஞ்சள் தூளாகப் படிந்து, காட்டையே காயவைத்துக்கொண்டிருந்தது. பார்க்கப் போன துரை அதைத் துரு என்றார். துரைக்கு அரிசியும் மரக்கறியும் கொண்டுபோயிருந்த நுவரெலியாக் கடைக்காரர் ஹாசிம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "துருவா? அதுக்குத்தான் கற்பிட்டில எங்கட மச்சான் இரிக்கிறாரே" என்று செடிகளுக்கு முன்னாலேயே சொல்லிவிட்டார். மச்சான் இஸ்ஸதீன் வள்ளங்களின் நங்கூரத்தில் துருவெடுப்பவர். இரும்பில் பிடிக்கும் துருவுக்கும் இலையில் பிடிக்கும் துருவுக்கும் உள்ள வித்தியாசம் செடிகளுக்குத் தெரியாது. இஸ்ஸதீனுக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் குணமாக்கியிருக்க மாட்டார் என்பது எங்கள் ஊரின் கருத்து. ஒரு தடவைக்கு மூன்று செடிகளாக எடுத்து, தேங்காய்த் தும்பால் ஒவ்வோர் இலையையும் மெல்லத் தேய்த்து, சுறா எண்ணெய் பூசினார். ஒன்பது நாளில் துரு உதிர்ந்தது. குணமான செடி பத்தாம் நாள் வாசல் படலையைத் தாண்டிப் போய்விடும்.

செடிகள் தங்கள் குளிரையும் கூடவே கொண்டுவந்திருந்தன. கற்பிட்டி முழுவதும் வெயிலில் வறுபட, இஸ்ஸதீனின் வளவில் மட்டும் மூடுபனி நின்றது. கிணற்றுக்கட்டில் விடிய விடிய உறைபனி. பக்கத்து வளவு ஜூலியானாவின் கருவாடு காயவில்லை என்று அவள் சண்டைக்கு வந்தாள். வந்தவள் ஒரு சால்வையை இரவல் வாங்கிப் போர்த்திக்கொண்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனாள். பிறகு தினமும் சண்டைக்கு வந்தாள்.

இஸ்ஸதீனின் மனைவி ஸக்கியா அந்த ஹாசிமின் தங்கச்சி. பத்தொன்பது வருடத்துக்கு முன் மலையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். கச்சான் அடிக்கும் மாதங்களில் அவளுக்கு இளைப்பு வரும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் கண்ணயர்வாள். படுத்தால் மூச்சு நின்றுவிடும். அந்த வைகாசியில், செடிகளின் குளிரில், அவள் பாயில் மல்லாந்து படுத்துத் தூங்கினாள். மலைவீட்டுப் பின்வளவில் பேரிக்காய் பொறுக்கிய காலத்துப் பாட்டொன்றைக்கூட முணுமுணுத்தாள். அதைக் கேட்டு இஸ்ஸதீன் அழுதார். அவள் சின்ன வயதில் எப்படி இருந்திருப்பாள் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

செடிகள் போகப்போகக் குளிரும் குறைந்தது. ஆவணியில் இடுப்புயரச் செடி ஒன்று மட்டுமே மிஞ்சியது. வளவில் மிஞ்சிய குளிர் முழுவதும் அதில்தான் இருந்தது. அதற்கு இஸ்ஸதீன் எண்ணெய்க்குப் பதிலாகக் கிணற்றுத் தண்ணீரைப் பூசினார். பதினைந்து நாள் பூசினார். செடி இலையை உதிர்க்கத் தொடங்கியது. ஸக்கியா ஒரு நாள் இலையை மணந்து பார்த்தாள்.

"இது தண்ணி" என்றாள்.

"ஓம்."

"அது சாகுது. நீங்க பாக்கல்லயா?"

"பாத்தேன். நீ படுத்துத் தூங்கினதையும் பாத்தேன்."

"அதுட மூச்சப் புடுங்கி எனக்குத் தாறதா? எனக்கு வாணாம். நாளைக்கு அல்லாஹ்ட்ட நான் என்னத்தச் சொல்ற?"

எண்ணெய்ச் சிரட்டையை எடுத்து அவளே பூசினாள். ஒன்பது நாளில் செடி தளிர்த்தது. பத்தாம் நாள் காலை அது படலையை நோக்கி நகர்ந்தபோது, இஸ்ஸதீன் அவளுடைய உடுப்புகளை மூட்டையாகக் கட்டிக் கையில் கொடுத்தார்.

"நீயும் போ. ஹாசிம் நானாட வூட்ல இரி. அங்க மூச்சு வரும்."

"நீங்க?"

"மலைல ஏது புள்ள நங்கூரம்?"

ஊரே பாதை வரை வந்து பார்த்தது. செடி நடக்கும் வேகத்தில் அவளும் நடந்தாள். நுவரெலியா போய்ச் சேர நாற்பது நாள் பிடித்தது என்றும், நன்றாகத் தூங்குகிறாள் என்றும் ஹாசிமின் கடிதம் வந்தது. இஸ்ஸதீன் அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார்.

அதன்பின் ஐந்து வேளைத் தொழுகையிலும், மலைச்செடிகளுக்கு இனி நோய் வரக்கூடாது என்று அவர் துஆக் கேட்டார். மனதாரத்தான் கேட்டார். பள்ளிவாசலை விட்டு இறங்கியதும் சுறா எண்ணெய் வாங்கப் போனார். அடுத்த வைகாசியில் நான்கு செடிகள் வந்தன. அவற்றின் குளிருக்குள் நடந்து ஸக்கியாவும் வந்தாள்; இஸ்ஸதீன் ஒவ்வொன்றாக ஆறுதலாகக் குணமாக்க, ஆவணியில் கடைசிச் செடியோடு திரும்பினாள். அதற்கடுத்த வருடம் ஏழு செடிகள். பிறகு யுத்தம் வந்தது, அரிசிக்குக் கூப்பன் வந்தது, செடிகளும் வந்தன. 1944இல், காட்டில் துருவே இல்லை, முற்றாக ஒழிந்துவிட்டது என்று ஹாசிம் எழுதினார். ஸக்கியாவைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அந்த வைகாசி முழுவதும் இஸ்ஸதீன் நங்கூரம் எதையும் தொடவில்லை. ஆனி மாதம் நாலாந்திகதி படலைக்கு வெளியே ஒரே ஒரு செடி நின்றது; அதன் பின்னால் ஸக்கியா நின்றாள். இஸ்ஸதீன் இலை இலையாகப் புரட்டிப் பார்த்தார். எதிலும் துரு இல்லை. சிரட்டையை எடுத்து வந்து, ஆவணி முடியும் வரை எண்ணெய் பூசினார்.