கோபக்காரி கையில் ஒரு புத்தகம்

"கையைக் கொஞ்சம் நீட்டேன்டா" என்று அதட்டிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. தம்பி நீட்டமாட்டான். இனிமேல் சொன்ன பேச்சு எதையும் கேட்கமாட்டான். இருந்தபோது மட்டும் கேட்டுக் கிழித்தானாக்கும் என்று அந்த நேரத்திலும் அவளுக்கு எரிச்சல் வந்தது. விறைத்துப்போயிருந்த கையைத் தானே தூக்கி, நீலச் சட்டையின் கைக்குள் நுழைத்து, பொறுமையாக இழுத்துவிட்டாள். தலைமாட்டில் நின்று அவள் கணவர் தம்பியின் தோளை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

சட்டை அவள் கடையில் அவளே தைத்தது. நாளைக் காலையில் பல்கலைக்கழக நூலகத்தில் திறப்பு விழா. தம்பி உருவாக்கிய கணினி அமைப்பை யாரோ பெரிய மனிதர் வந்து தொடங்கி வைக்கப்போகிறார். "மேடைக்குக் கூப்பிட்டாலும் கூப்பிடுவாங்கக்கா, கொஞ்சம் பாக்கற மாதிரி தைச்சுக் குடு" என்று வாயெல்லாம் பல்லாக அளவு கொடுத்துவிட்டுப் போனான். வலது கை மணிக்கட்டுக்கு மட்டும் பட்டன் வைக்காமல் விட்டிருந்தாள். போட்டுப் பார்த்துவிட்டு இடம் குறித்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். இப்போது அந்தக் கை மட்டும் திறந்துகொண்டு தொங்கியது.

இடுப்பில் செருகியிருந்த கைப்பேசி டிங் என்றது. எடுத்துப் பார்த்தாள்.

'கோபக்காரி அவர்களுக்கு வணக்கம். தாங்கள் எடுத்துச் சென்ற "கோபத்தைக் குறைக்க எளிய வழிகள், இரண்டாம் பாகம்" என்ற புத்தகத்தின் தவணை இன்றுடன் முடிகிறது.'

அதன் கீழே இரண்டு கட்டங்கள். ஒன்றில் 'திருப்பு' என்றும் இன்னொன்றில் 'புதுப்பி' என்றும் இருந்தன.

"யாரு?" என்றார் கணவர்.

"இவன்தான்" என்று தம்பியைக் காட்டினாள். கணவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

நூலகத்தில் எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது, யார் எடுத்துப்போனார், எப்போது திரும்பி வரும் என்பதெல்லாம் அட்டைகளில் கிடந்த காலம் போய், எல்லாவற்றையும் கணினி பார்த்துக்கொள்ளும்படி செய்வதுதான் அவன் வேலை. அதைச் சோதித்துப் பார்க்க ஆள் வேண்டும், புத்தகம் வேண்டும். நிஜ மாணவர்களை வைத்து விளையாட முடியாது என்று வீட்டு மனிதர்களையே உறுப்பினர்களாக்கிவிட்டான். அம்மாவைத் தத்துவத் துறைப் பேராசிரியை ஆக்கினான். பள்ளிப் படிப்பையே முடிக்காத மாமாவுக்கு ஆய்வு மாணவர் பட்டம் கொடுத்தான். மாமா அந்தக் கைப்பேசித் திரையைத் தெருவில் எல்லோரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தார். அக்காவுக்கு மட்டும் 'கோபக்காரி' என்று பெயர். புத்தகமும் அவன் இட்டுக்கட்டியதுதான். முதல் பாகம் எங்கேடா என்று கேட்டதற்கு, முதல் பாகமெல்லாம் உனக்குப் பத்தாதுக்கா என்றான்.

அம்மாவும் மாமாவும் அவன் சொன்னபடி 'திருப்பு' கட்டத்தை அமுக்கிப் புத்தகங்களைத் திருப்பிவிட்டார்கள். அவள் மட்டும் அசையவில்லை. இல்லாத புத்தகத்தை நான் எதற்கடா திருப்ப வேண்டும் என்று முறைத்தாள். தவணை முடியும்போதெல்லாம் அவனே அவள் கைப்பேசியைப் பிடுங்கிப் புதுப்பித்துவிட்டு, நீதான்க்கா எனக்கு வேண்டிய ஆள், திருப்பித் தராதவங்க எப்படியெல்லாம் முரண்டு பிடிப்பாங்கன்னு உன்ன வச்சுத்தான் கத்துக்கிறேன் என்று சிரிப்பான்.

அப்படிக் கற்றுக்கொண்டு அவன் ஒரு விதி வைத்தான். கையில் புத்தகம் இருக்கிற உறுப்பினரை யாராலும் அழிக்க முடியாது. நூலகத் தலைவராலும் முடியாது, அவனாலேயே முடியாது. முன்பெல்லாம் படிப்பு முடிந்தது, வேலை மாறியது என்று ஆட்களின் பெயரை அடித்துவிடுவார்களாம். ஆள் போனதோடு புத்தகமும் போய்விடும். "ஆளை அழிச்சிட்டா புஸ்தகத்த யார்கிட்டப் போய்க் கேக்கறது?" என்று சோற்றைப் பிசைந்தபடி அவன் கேட்டதும், அதைக் கேட்டு அம்மா என்னவோ பெரிய நியாயம்போலத் தலையாட்டியதும் அவளுக்கு நினைவிருந்தது.

நினைக்க நினைக்க அவளுக்கு வயிறு எரிந்தது. நெஞ்சு வலிக்கிறதென்று ஒரு மனிதன் சொன்னால் என்ன செய்ய வேண்டும் என்று அந்தக் கணினிக்கு ஒரு விதி வைத்தானா? இல்லை.

முந்தாநாள் சாயங்காலம் சட்டையைப் போட்டுப் பார்க்கச் சொல்வதற்காக அவள் வந்தபோது, இந்த அறையில்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ஒரு கை விசைப்பலகையில், இன்னொரு கை நெஞ்சில். என்னடா என்றதற்கு வாயு என்றான். அப்போது கைப்பேசி அடித்தது. நாளைக்கு சார்.

பல்கலைக்கழக நூலகத் தலைவருக்கு இந்த வீட்டில் அதுதான் பெயர். எதைக் கேட்டாலும் நாளைக்குள்ள முடிஞ்சிடுமில்ல என்பார். தம்பி வைத்த பெயர், அம்மாவே ஒருநாள் வாய் தவறி அவரிடமே சொல்லிவிடப் பார்த்தாள்.

அன்றைக்குத் தம்பி பேசியது மட்டும்தான் அவளுக்குக் கேட்டது. "சார், நெஞ்சு கொஞ்சம் வலிக்குது சார்." அதன் பிறகு அந்தப் பக்கம் அவர் ஏதோ சொன்னார். இவன் கேட்டுக்கொண்டே இருந்தான். கேட்டு முடித்து, "சரி சார், சரி சார்" என்றான். வைத்ததும் மறுபடி தட்ட ஆரம்பித்தான். எழுந்திரு, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று சட்டையைப் பிடித்து இழுத்தாள். காலையில் போகலாம்க்கா, சத்தியமாக, இதை முடித்துவிடுகிறேன் என்றான். எக்கேடோ கெட்டுப் போ என்று புதுச் சட்டை இருந்த பையைக் கட்டிலில் வீசிவிட்டு வந்தாள். காலையில் அம்மா காப்பியோடு வந்து தோளைத் தொட்டபோது அவன் மேசைமேல் தலை சாய்த்திருந்தான். திரை அணையாமல் இருந்ததாம்.

அந்த மனிதர் அப்போது என்ன சொன்னார்? நேற்று முழுக்க ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்தபோதும் அவளுக்கு அந்த ஒரே கேள்விதான். அதைத் தெரிந்துகொள்ளாமல் தம்பியை வழியனுப்பப் போவதில்லை என்று முடிவு செய்திருந்தாள்.

கூடத்தில் கிடத்தியாயிற்று. வண்டிக்குச் சொல்லியாயிற்று. வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் நாற்காலிகள் வாசல்வரை போட்டிருந்தன. வெயில் ஏறிய நேரத்தில் நாளைக்கு சார் வந்தார். ஆளுயர மலர் வளையம், அதன் குறுக்கே பல்கலைக்கழகத்தின் பெயர் போட்ட நாடா. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தலை குனிந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான் என்று பல்லைக் கடித்தாள் அவள்.

அம்மாவோ அவரைப் பார்த்ததும் எழுந்தே விட்டாள். சாருக்கு நாற்காலி போடுங்க, விசிறியை இந்தப் பக்கம் திருப்புங்க என்று பரபரத்தாள். எப்பப் பாத்தாலும் உங்க பேச்சுத்தான் சார் அவனுக்கு என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவரும் அவனைப்போல ஒரு பையன் கிடைப்பானா, விழாவைத் தள்ளிவைக்க முடியாத நிலைமை, ஆனால் தொடக்கத்திலேயே அவனுக்காக மௌன அஞ்சலி உண்டு என்றார். மௌன அஞ்சலியாம். அம்மா அதற்கும் நன்றி சொன்னாள். மகளுக்கு அம்மாவின் மேலும் கோபம் வந்தது.

துக்கம் கேட்க வந்தவர்கள் சற்று உட்கார்ந்துவிட்டுச் சொல்லாமல் கிளம்புவார்கள். இவர் கிளம்பவில்லை. அவள் எழுந்து பின்பக்கம் போனபோது கூடவே வந்தார். குடுமி சும்மா ஆடாது என்று அவளுக்குத் தெரியும். துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஈரத்தரையில் நின்றுகொண்டு மென்று விழுங்கினார்.

விஷயம் இதுதான். அமைப்பு முழுக்கத் தயார். சோதனைக்குப் போட்ட பொய் உறுப்பினர்களை மட்டும் நேற்று அவருடைய ஆட்கள் உட்கார்ந்து அழித்துவிட்டார்கள். பேராசிரியை போயாயிற்று, ஆய்வு மாணவர் போயாயிற்று. கோபக்காரி மட்டும் போகமாட்டேன் என்கிறாள். அழி என்றால், உறுப்பினர் கையில் புத்தகம் உள்ளது என்று திரை திருப்பிச் சொல்கிறது. நாளைக்குப் பெரியவர் வந்து முதல் புத்தகத்தை எடுக்க வேண்டும். நூலக வாசலில் வைத்திருக்கும் பெரிய திரையில், வெளியே போன புத்தகம் ஒன்று, எடுத்தவர் இன்னார் என்று அவர் பெயர் வர வேண்டும். இப்போதோ பெரியவர் இரண்டாவதாகத்தான் வருவார். அவருக்கு மேலே கோபக்காரி நிற்பாள்.

"உள்ள கை வச்சு மாத்தலாம்மா. ஆனா அவன் எழுதினத அவன்தான் தொடணும், வேற யாரும் தொட்டா மொத்தமும் கவிழ்ந்துடும்னு பயப்படறாங்க. விசாரிச்சதுல நம்பர் உங்களதுன்னு தெரிஞ்சுது. உங்க போன்ல ஒரே ஒரு தட்டு. திருப்புன்னு இருக்கும். அவ்வளவுதான்."

அவள் அவரையே பார்த்தாள். உள்ளே யாரோ மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. இவர் கேட்பது என்னவென்று இவருக்குத் தெரிகிறதா? கூடத்தில் கிடப்பவனை வண்டி வந்து எடுத்துப்போகும். அவன் வாய் நிறையக் கூப்பிட்ட பெயர் ஒன்று அவன் கட்டிய இடத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதையும் அவள் கையாலேயே துடைத்துக் கொடுக்க வேண்டுமாம்.

"தட்டறேன்" என்றாள். "அதுக்கு முன்னாடி நீங்க ஒண்ணு சொல்லணும்."

"கேளுங்கம்மா."

"முந்தாநாள் சாயங்காலம் நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னான். நான் பக்கத்துலதான் நின்னேன். நீங்க என்ன சொன்னீங்க?"

அவர் முகம் சட்டென்று வற்றிப்போனது. கண்ணாடியை எடுத்தார், போட்டுக்கொள்ளாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"ஆஸ்பத்திரிக்குப் போப்பான்னுதான் சொன்னேன்."

அவள் கைப்பேசியை இடுப்பிலிருந்து எடுக்கவில்லை. இயந்திரத்துக்கு மேலே தம்பியின் உள்சட்டை ஒன்று, துவைக்கப் போட்டது, அப்படியே சுருண்டு கிடந்தது. அவர் அதைப் பார்த்தார். வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மறுபடியும் அதையே பார்த்தார்.

"முடிச்சுட்டுப் போன்னு சொன்னேன்" என்றார். "புஸ்தகப் பட்டியல மட்டும் முடிச்சுட்டுப் போயிடுப்பான்னு. எனக்கும் மேல இருக்கறவங்க தேதி குறிச்சுட்டாங்கம்மா. சின்னப் பையன், வாயுவா இருக்கும்னு நினைச்சேன்."

இதைக் கேட்டால் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கிவிடுவோம் என்று நேற்றெல்லாம் நினைத்திருந்தாள். கை எழவில்லை. கோபம் மட்டும் ஒரு துளி குறையாமல் அப்படியே நின்றது. இவர் சொன்னார், சரி. அந்த மடையன் எதற்குச் சரி சார், சரி சார் என்றான்? போடா நீயும் உன் பட்டியலும் என்று ஒரு வார்த்தை வரவில்லையே அவன் வாயில். அக்காவிடம் மட்டும் வண்டி வண்டியாக வாயடிப்பான். பாவி. கண்ணில் நீர் முட்டியது, அதுவும் கோபத்தில்தான்.

அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்து மடித்து வைத்துவிட்டு, மிகவும் தாழ்ந்த குரலில், "அந்த ஒரு தட்டு மட்டும்..." என்றார்.

அவள் இடுப்பிலிருந்து கைப்பேசியை எடுத்தாள். அவர் பார்க்கும்படியே பிடித்துக்கொண்டாள். கட்டைவிரலை வைத்துத் தட்டினாள். திரை கொஞ்சம் யோசித்துவிட்டு எழுத்தைக் காட்டியது.

'புதுப்பிக்கப்பட்டது. நன்றி, கோபக்காரி.'

அவர் குனிந்து அந்த எழுத்தை மறுபடி படித்தார்.

"நாளைக்குப் பாக்கலாம் சார்" என்றாள் அவள்.

வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. உள்ளே போனாள். நாலு பேர் கைகொடுக்கக் குனிந்திருந்தார்கள். அவள் அவர்களை விலக்கிக்கொண்டு தம்பியின் வலது பக்கம் தரையில் உட்கார்ந்து, கடைப் பையைக் கவிழ்த்து ஊசியையும் நீல நூலையும் ஒரு பட்டனையும் எடுத்தாள்.

"இப்ப எதுக்குடி அதெல்லாம்" என்றாள் அம்மா.

"பட்டன் இல்லாம அனுப்பச் சொல்றியா?"

வண்டிக்காரர் நேரமாகிறது என்று யாரிடமோ சொன்னார். கணவர் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். அவள் மணிக்கட்டைத் திருப்பித் தன் மடியில் வைத்துக்கொண்டு இடம் பார்த்தாள். ஊசி துணியில் ஏறி இறங்கியது. அவசரப்படவில்லை. துணியில் சுருக்கம் விழாமல், இழுத்தால் வராதபடி, எப்போதும் வாடிக்கையாளருக்குச் செய்வதுபோலவே நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

கத்தரிக்கோல் பக்கத்திலேயே கிடந்தது. அவள் குனிந்து, அவன் கைமேல் வாயை வைத்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பட்டனைத் துளையில் மாட்டி, கையை அவன் நெஞ்சின்மேல் எடுத்து வைத்தாள்.

"ம், தூக்குங்க" என்றாள்.