இல்லை என்று சொல்லாத கடை

1.

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதில்லை, ஒட்டுக்கேட்டதில் கிடைத்தது. என் தங்கை மகன் கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதுகிறவன். லீவுக்கு வந்தவன் போனும் கையுமாகக் கூடத்தில் யாருடனோ சண்டை பிடித்துக்கொண்டிருந்தான். ஒரு நிரல் இன்னொன்றிடம் ஒரு பெயரைச் சொல்லித் தேடித்தரக் கேட்கிறதாம். அந்தப் பெயரே அங்கே கிடையாது. அப்போது என்ன பதில் தருவது? வெறுங்கையைக் காட்டுவதா, கூச்சல் போட்டு வேலையையே நிறுத்துவதா, சமாளிப்பாக வேறொன்றை எடுத்து நீட்டுவதா?

“எதை வேணா குடுய்யா. ஆனா கிடைக்கலைங்கிறது கேக்கிறவனுக்குப் புரியணும்!”

இதற்கா இவ்வளவு கூப்பாடு என்று நினைத்தேன். அப்புறம்தான் ராவுத்தர் ஞாபகம் வந்தார். (ஞாபகம் என்பது சும்மா. இப்போதுதான் அவரை உண்டாக்குகிறேன்.)

2.

முதல் தொடக்கம்: “1958. வாளையார் மலைமேல் வெண்பட்டு விரித்தாற்போல மேகங்கள்—”

வேண்டாம். மேகத்துக்கும் மளிகைக் கடைக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டாவது: சைனுதீன் ராவுத்தர் கடையில் எல்லாம் கிடைக்கும், ‘இல்லை’ மட்டும் கிடைக்காது.

இது பரவாயில்லை. கடைக்காரன் வாயால் இல்லை என்றால் இருப்பதும் போய்விடும் என்பது அவர் கட்சி. மிளகு தீர்ந்திருந்தால் “வந்துட்டிருக்குதுங்க” என்பார். அதைக் கேட்டதும் ஊர்க்காரர்கள் மறுபேச்சில்லாமல் எதிர்க்கடைக்கு நடப்பார்கள். பழகிப்போன பாஷை. யாரும் ஏமாந்ததில்லை, வெளியூர் ஆள் வரும்வரை.

3.

வேலுத்தாய் மூணாறு எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளுகிறவள். வாளையாரில் லாரிக்கு மூட்டை ஏற்றப் போகிறேன் என்று கிளம்பிய புருஷன் பிச்சைமணி, வருஷம் திரும்பியும் வரவில்லை. லீவு சொல்லிவிட்டுத் தேடி வந்திருக்கிறாள். சாயங்கால பஸ்ஸைப் பிடித்தால்தான் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய் நிற்கமுடியும். நிற்காவிட்டால் பேரை வெட்டிவிடுவார்கள். பேர் போனால் எஸ்டேட் குடுத்த லயத்து வீடும் போச்சு.

“அய்யா, பிச்சைமணின்னு மூணாத்து ஆளு, லாரியில மூடை ஏத்துறவுக. இங்கன பாத்திருக்கீகளா?”

அப்போதுதான் கடை திறந்திருந்தது. ராவுத்தர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. மனசு தேடி முடிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

“வந்துட்டிருக்காருங்க.”

அவள் எதிர்க்கடைக்கு நடக்கவில்லை. வாசலில் தகரப்பெட்டியை வைத்து அதன்மேல் உட்கார்ந்தாள். போகிற பூக்காரியைக் கூப்பிட்டு ஒரு முழம் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.*

* பூ கொஞ்சம் அதிகம்தான். எடுத்துவிட்டுப் பார்த்தேன், அவள் வேறு யாருக்கோ காத்திருப்பது போலாகிவிட்டது. இருக்கட்டும்.

4.

உச்சிப்பொழுதில் உள்ளிருந்து ராவுத்தரின் மனைவி சௌதா எட்டிப் பார்த்தாள்.

“ஏனுங்க, அந்தாளை உங்களுக்குத் தெரியுமா?”

“ஆரு கண்டா?”

“பின்ன எதுக்கு வந்துட்டிருக்காருன்னீங்க?”

“கடை தொறந்த கையோட இல்லேங்கச் சொல்றியா?”

“அவ என்ன மொளகா கேட்டா? இல்லேன்னு வாய் வரலீன்னா, தெரியாதுன்னாவது சொல்லலாமுல்ல?”

“கடைக்காரன் தெரியாதுங்கறது அதைவிடக் கேவலம், புள்ளே.”

“சரி. அவளுக்குச் சோறு நான் குடுத்துக்கறேன். பதிலை நீங்க குடுங்க.”

தங்கை மகனின் வழிகளை ராவுத்தருக்குக் கொடுத்துப் பார்த்தேன்.

(அ) வெறுங்கையைக் காட்டுவது, அதாவது பேசாமல் இருப்பது. மத்தியானம் முழுக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளும் உட்கார்ந்திருந்தாள்.

(ஆ) கூச்சல் போடுவது. ராவுத்தருக்குத் தும்மல்கூடச் சத்தமாக வராது.

(இ) வேறொன்றை நீட்டுவது. லாரிகள் நிற்கும் இடத்தில் ஒரு பிச்சைமுத்து இருந்தான். அவனைக் கூட்டிவந்து நிறுத்தியதும் வேலுத்தாய் செருப்பைக் கழற்றி—

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

5.

பஸ்ஸின் உறுமல் தூரத்தில் கேட்டதும் ராவுத்தர் எழுந்து கடையை மூட ஆரம்பித்தார்.

“ஏனுங்க ராவுத்தரே, இன்னிக்கு வெள்ளிக்கிழமைகூட இல்லீங்களே?” என்றார் பீடிக்கு வந்த பொங்கியண்ணன்.

கடை திறந்திருக்கும்வரைதான் ராவுத்தர் கடைக்காரர். மூடிவிட்டால் வெறும் சைனுதீன். சைனுதீன் எதையும் சொல்லலாம்.

பலகைகளை ஒவ்வொன்றாக வாசல் காடிப் பள்ளத்தில் இறக்கினார். ஒன்று பாதியில் இறுகிக்கொண்டது. குத்தினார். பஸ் வந்து நின்றது. கடைசிப் பலகையைப் போட்டு, பூட்டை மாட்டி, ஒருமுறை இழுத்துப் பார்த்து, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றார்.

“அம்மா, அப்படியொரு ஆளு இங்க இல்லீங்க. எனக்குத் தெரியவும் தெரியாதுங்க.”

வேலுத்தாய் எழுந்தாள்.

“இதச் சொல்றதுக்கா காலையிலருந்து உக்கார வச்சீக?”

கண்டக்டர் விசில் ஊதினார். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பெட்டி முழங்காலில் இடித்தது. பூ கீழே விழுந்தது. பின்னாலேயே ராவுத்தரும், “நிறுத்துங்க! ஏனுங்க, நிறுத்துங்க!” என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்திக்கொண்டு ஓடினார். (ஆக, ‘ஆ’வும் அவரிடம் இருந்திருக்கிறது.)

6.

தங்கை மகனிடம் இதுவரை படித்துக் காட்டினேன்.

“பஸ் கிடைச்சுதா?” என்றான்.

நீங்களும் அதைத்தான் கேட்பீர்கள். லயத்து வீடு தப்பியதா என்றும் கேட்பீர்கள். நியாயம்தான். முடிவை உங்கள் தலையில் கட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன். நாலு பேர் செய்வதுதானே. ஆனால், வாசல்வரை வந்து கேட்டவர்களை வெறுங்கையோடு அனுப்ப மனசு வரவில்லை. நானும் கடை விரித்துத்தானே உட்கார்ந்திருக்கிறேன்.

பஸ் வந்துட்டிருக்குதுங்க.