ஈறுக்குள் வைத்த பொடி

பிரிக்பீல்ட்ஸ் பல் கிளினிக்கில் கொடுத்த அட்டையைக் கிள்ளானுக்குத் திரும்பும் ரயிலில்தான் எடுத்துப் பார்த்தேன். பாதி முகம் மரத்துப் போயிருந்தது. என் ஈறுக்குள் வைத்துத் தைத்த எலும்புப் பொடியின் டப்பாவிலிருந்த சீட்டை உரித்து அதில் ஒட்டியிருந்தார்கள். லாட் நம்பர், காலாவதித் தேதி, அதற்குக் கீழே ‘போவைன்’ என்று ஆங்கிலத்தில் ஒரு சொல். கைப்பேசியில் தட்டினேன். மாடு என்றது. ஷா ஆலம் தொழிற்சாலையில் முப்பது வருடமாக ஸ்டோர்கீப்பர் நான். பெட்டிகளில் ஒட்டிய சீட்டைப் படித்தே பிழைப்பவன், அன்று காலையில் கையெழுத்துப் போட்ட தாளை மட்டும் படிக்கவில்லை.

கழுத்தில் விரத மாலை கிடந்தது. தைப்பூசத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள். வருடா வருடம் பத்துமலையில் பால்குடம் எடுக்கிறவன்தான், ஆனால் இந்த வருடத்து வேண்டுதல் வேறு. என் மகள் ஷாமினிக்கு இரண்டு கரு தங்கவில்லை. இது மூன்றாவது, ஏழாம் மாதம். பிள்ளை முழுசாகக் கைக்கு வரவேண்டும் என்று முருகனிடம் கேட்டு, முட்டை கலந்த பிஸ்கட்டைக்கூடத் தொடாமல் பாயில் படுத்துக்கொண்டிருக்கிறேன். அப்படிப்பட்டவனின் வாய்க்குள் மாட்டெலும்பு.

எல்லாம் என் சிகரெட்டும் சோம்பேறித்தனமும் செய்த வேலை. ஆறு வருடத்துக்கு முன் கீழ்த்தாடையில் இம்ப்ளாண்ட் போட்டேன். எலும்பில் முடுக்கிய ஒரு திருகு, அதன்மேல் ஒரு பல். சுத்தம் பண்ண வரச்சொன்ன தேதிகளில் ஒன்றுக்கும் போகவில்லை. ஈறு சீழ் பிடித்து, சுற்றியிருந்த எலும்பைத் தின்றுவிட்டது. அன்று காலை டாக்டர் அஃப்ரின் எக்ஸ்ரேயைக் காட்டினார். என் மகள் வயசுதான் இருக்கும். திருகைச் சுற்றிக் கறுப்பாக ஒரு பள்ளம் தெரிந்தது.

“ஈறத் திறந்து, திருக சுத்தம் பண்ணி, பள்ளத்துல எலும்புப் பொடி நிரப்பித் தைப்பேன் அங்கிள். அதப் புடிச்சிக்கிட்டு உங்க எலும்பு மறுபடி வளரணும். கேரண்டி இல்ல லா” என்றார். பிறகு தாளை நீட்டினார். “பொடி எதுலேர்ந்து எடுத்ததுன்னு இதுல இருக்கு. மாலை போட்டிருக்கீங்க, படிச்சுப் பாத்துச் சொல்லுங்க. எனக்கும் பன்னி ஆகாதுல்ல.”

எனக்குக் கத்தியை நினைத்தே பயம். அதை மறைக்க, “எது நல்லதோ அதப் போடுங்க டாக்டர்” என்று பெரிய மனுஷன் மாதிரி கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

வீட்டில் புஷ்பவல்லியிடம் சொல்லவில்லை. சொன்னால் முதலில் அழுவாள், அடுத்த நிமிடம் மகளுக்குப் போன் போடுவாள். கோயிலில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் ஒரு சிட்டிகை திருநீற்றை வாயில் போடச் சொல்வார்கள். மாட்டுச் சாணத்தைச் சுட்டு எடுப்பதுதானே திருநீறு, மாட்டெலும்பின் தோஷத்தை அதுதான் கழிக்கும் என்று கணக்குப் போட்டேன். கண்ணாடி முன்னால் உதட்டை இழுத்துப் பிடித்து, தையலின்மேல் வைத்து விரலால் அழுத்தினேன். காலையும் மாலையும், நாலு நாள். ஐந்தாம் நாள் கன்னம் பன்போல வீங்கிவிட்டது.

பார்க்க வந்த ஷாமினி விடவில்லை. “ஏன்பா முகம் இப்படி இருக்கு? ஏறுங்க கார்ல.” வயிற்றுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே ஒரு கை இடைவெளிதான் இருந்தது. ஃபெடரல் நெடுஞ்சாலையில் நெரிசலில் நின்றபோது இடுப்பைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்தாள். “என்னம்மா?” என்றேன். “சும்மா லா, லேசா வலி. அடிக்கடி வரும்.” ஆரம்பித்துவிட்டது என்றே நினைத்தேன். போன இரண்டு தடவையும் அவள் லேசான வலி என்றுதான் சொன்னாள்.

கிளினிக்கில் அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். டாக்டர் பஞ்சுத் துணியால் ஈறைத் துடைத்து, விளக்கில் பிடித்துப் பார்த்தார். சீழில் வெள்ளையும் சாம்பலுமாகத் துகள்கள்.

“என்ன அங்கிள் வச்சீங்க?”

சொன்னேன். எதற்கு வைத்தேன் என்பதையும், வேண்டுதலையும், பிள்ளையையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கையுறையைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஒரு வார்த்த சொல்லியிருந்தா மாடு இல்லாதது வச்சிருப்பேன். செயற்கையா செஞ்சது இருக்கு. இப்ப தையல் விட்டுருச்சு. மேல இருக்குறதக் கழுவிடறேன். அடியில இருக்குறது இன்னும் கெடல, விட்டுட்டா மருந்துல பல்லு நிக்கலாம். அதுவும் வேணாம்னா எல்லாத்தையும் சுரண்டி எடுத்து, திருகையும் கழட்டிடறேன். ரெண்டுமே தப்பில்ல. உங்க மனசு, நீங்கதான் சொல்லணும்.”

மரத்துப்போக ஊசியைப் போட்டு, வாய் மூடாமலிருக்கக் கட்டையையும் வைத்தார். “இப்ப பேச முடியாது. முழுசா எடுக்கணும்னா கைய தூக்குங்க. தூக்கலன்னா அடியில இருக்குறத விட்டுடறேன்.”

பல் போனால் போகட்டும், அது பெரிதில்லை. ஆனால் எடுக்கச் சொன்னால், என் தோஷம் அந்தப் பிள்ளையைத் தொட்டுவிட்டது என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். விடச் சொல்லி நாளை ஏதாவது ஆகிவிட்டால், காலம் முழுக்க என் வாயே எனக்குச் சாட்சி. கூரையிலிருந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். இப்படி ஒரு பயத்தை நான் எந்த ஆஸ்பத்திரியிலும் பட்டதில்லை.

கதவு திறந்தது. வெளியே இருக்கமுடியாமல் ஷாமினி வந்துவிட்டாள். “எங்கப்பாவுக்கு ஊசின்னாலே பயம் டாக்டர். நான் பக்கத்துல நிக்கிறேன்.”

டாக்டர் தலையசைத்தார். கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். “சொல்லுங்க அங்கிள்.”

கையைத் தூக்கலாம் என்று நினைத்த நொடியில் ஷாமினி அதைப் பிடித்துக்கொண்டாள். “பயப்படாதீங்கப்பா” என்று தன் வயிற்றின்மேல் வைத்து, இரண்டு கையாலும் பொத்தினாள். என் உள்ளங்கைக்கு அடியில் பிள்ளை புரண்டது. மறுபடி ஒரு முறை, குதிகாலோ முழங்கையோ, சின்னதாக ஓர் எலும்பு வந்து இடித்துவிட்டு நகர்ந்தது.