ஸ்பூன் வந்த தூரம்

முடிதிருத்துகிறவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பாதி வெட்டிய தலையோடு யாரையும் கடைக்கு வெளியே விடமாட்டார். அவசரமாகப் போன் வந்தாலும் சரி, பெண்டாட்டியே வாசலில் வந்து நின்றாலும் சரி. என் கை பட்ட தலை அரைகுறையாக ஊரைச் சுற்றுவதா என்பார். அந்தப் பிடிவாதம்தான் மகளின் வழக்கையே கவிழ்க்கப் பார்த்தது.

மகளுக்கு ஏழு வயது. வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். நடக்க வராது, பேச்சு வராது, கை ஒரு நாளும் சொன்னபடி கேட்காது. ஆனால் பக்கத்தில் யாராவது தும்மிவிட்டால் போதும், மூச்சுமுட்டச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கவே பொய்த்தும்மல் போடும் வாடிக்கையாளர்கள் கடைக்கு உண்டு.

அவள் பிறந்த அன்று, வயிற்றுக்குள்ளேயே அவளுடைய இதயத்துடிப்பு இறங்கிக்கொண்டே போனது. ஏதோ சரியில்லை என்று முதலில் உணர்ந்தது அம்மாதான். "ஆபரேஷன் பண்ணிடுங்க, என் புள்ளைய எடுத்துடுங்க" என்று தொண்டை கிழியக் கத்தினாள். முதல் பிரசவம் என்றால் எல்லாரும் இப்படித்தான் கத்துவார்கள் என்று சொல்லிவிட்டுப் பெரிய டாக்டர் அடுத்த அறைக்குப் போய்விட்டார். இன்னும் கொஞ்சம் பார்க்கலாம், இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்றே பொழுது போனது. கடைசியில் வயிற்றைக் கிழித்து எடுத்தபோது குழந்தை அழவில்லை. மூளைக்கு மூச்சுக்காற்று போகாமல் இருந்திருக்கிறது. போன மூச்சை யார் திருப்பித் தருவது?

தாமதம் நடந்ததை ஆஸ்பத்திரி ஒருவழியாக ஒப்புக்கொண்டது. ஆனால் குழந்தை நன்றாகத் தேறிவிட்டாள், அவளுக்கு வாழ்நாள் முழுக்க ஆள் போட்டுப் பார்த்துக்கொள்ளத் தேவையில்லை என்று சாதித்தார்கள். வழக்கு அந்த ஒரு இடத்தில் வந்து நின்றது.

"வாலுவோட ஒரு நாளை வீடியோ எடுத்துட்டு வாங்கண்ணே" என்றாள் வக்கீல். "ஜட்ஜ் கண்ணால பார்க்கட்டும்."

எடுத்தார். எடுப்பதற்கு முன்னால் மகளுக்கு முடிவெட்டி, பவுடர் பூசி, இருப்பதிலேயே நல்ல கவுனை மாட்டிவிட்டார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. நாலு பேர் பார்க்கப்போகும் குஞ்சு என்றால் கேட்கவே வேண்டாம். வழியும் எச்சிலை வழிவதற்கு முன்பே துடைத்தார். சாயும் தலையைச் சாய்வதற்கு முன்பே தாங்கினார். ஒரு பருக்கை சிந்தாமல் ஊட்டினார்.

பார்த்து முடித்த வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரிக்காரங்கதான் முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறாங்கன்னு பார்த்தா, நீங்களுமாண்ணே? இதைப் பார்த்தா பவுடர் விளம்பரம்னு நினைப்பாங்க."

"இருக்கிறதைத்தானே மேடம் எடுத்தேன்?"

"உங்க கைதான் இருக்கு. அவளோட கஷ்டம் ஒண்ணுகூடத் தெரியல. உங்க கை இல்லாம ஒரு வேளைச் சாப்பாடு எடுக்கணும்."

அவருக்குக் கோபம் வந்தது. இத்தனை வருடம் வந்தவர் போனவரிடமெல்லாம் என் பெண்ணால் இது முடியும், அது முடியும் என்று சொல்லிச் சொல்லியே நாளைத் தள்ளியிருக்கிறார். இன்றைக்கு முடியாததை மட்டும் காட்டு என்றால்? வீட்டுக்கு வந்தும் முகம் கொடுத்துப் பேசவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி, மடிப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"நமக்கப்புறம் அவளுக்கு யாருங்க?"

அவர் போனை எடுத்து வக்கீலைக் கூப்பிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வக்கீலே வந்து கேமராவை வைத்தாள். வாலுவைப் பிடிமானம் வைத்த நாற்காலியில் உட்காரவைத்து, முன்னால் மேசையில் குழைந்த சோற்றை வைத்தார்கள். அவர் எதிரில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் திணித்துக்கொண்டார். சும்மா விட்டால் அவை எழுந்து போய்விடும் என்று அவருக்குத் தெரியும்.

வாலு ஸ்பூனை முஷ்டிக்குள் பிடித்தாள். சோறு முதலில் கன்னத்துக்குப் போனது, பிறகு காதுக்கு, பிறகு கழுத்துக்குள். அவள் அப்பாவைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

"ஆ."

ஊட்டிவிடு என்பதற்கு அவளுக்குத் தெரிந்த ஒரே சொல் அது. அவர் அசையவில்லை. "ஆ" என்றாள் மறுபடியும். வாசலில் நின்றிருந்த மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வாலு அப்பாவின் தோளைப் பார்த்தாள். தோளிலிருந்து கீழே பார்த்தாள். அங்கே கை இல்லை. என்ன நினைத்தாளோ, ஸ்பூனை மெல்ல அவர் பக்கம் திருப்பினாள். அது ஆடியது, பாதியைக் கொட்டியது, மேசைக்கு நடுவில் வந்து நின்றுவிட்டது. அதற்குமேல் அவளால் முடியவில்லை. அவர் எட்டிக் குனிந்து, ஒட்டியிருந்த நாலு பருக்கையைச் சாப்பிட்டார்.

வக்கீல் கேமராவை அணைத்தாள். "கடைசிப் பகுதியை வெட்டிடலாமாண்ணே? அவங்க இதையே பிடிச்சுக்குவாங்க."

"வெட்டுறதுதான் மேடம் என் பொழப்பே. ஆனா இதை வெட்ட மனசு வரல."

வக்கீல் சொன்னபடியே நடந்தது. கோர்ட்டில் வீடியோ முடிந்ததும் ஆஸ்பத்திரி வக்கீல் துள்ளி எழுந்தார். "பாருங்க, குழந்தை அப்பாவுக்கே ஊட்டுது! ஸ்பூன் வாய்வரைக்கும் போகுதே!"

கடையில் வாய் ஓயாத மனிதர், கோர்ட்டில் வாயில்லாப் பூச்சி. ஆனாலும் எழுந்து நின்றார்.

"ஐயா, இன்னொரு தடவை போட்டுப் பாருங்க. ஸ்பூன் என்கிட்ட வரலைங்க. நான்தான் ஸ்பூன்கிட்ட போனேன்." மகள் பக்கம் திரும்பினார். "நான் இருக்கிறவரைக்கும் போவேன். அதுக்கப்புறம் யார் போவாங்கன்னு கேக்கத்தான் வந்திருக்கோம்."

நீதிபதி மறுபடி போடச் சொன்னார். இந்தத் தடவை எல்லாரும் ஸ்பூனை விட்டுவிட்டு அவருடைய கழுத்தையே பார்த்தார்கள். அது எவ்வளவு தூரம் நீண்டு குனிந்தது என்று பார்த்தார்கள். திரையில் அப்பா வாயைத் திறந்ததும், அம்மாவின் மடியிலிருந்த வாலுவும் "ஆ" என்றாள். அது கூடத்தின் கடைசி பெஞ்சுவரை கேட்டது.

"குழந்தைக்குக் கடைசிவரைக்கும் ஆள் வேணும்" என்றார் நீதிபதி. "அதுல இனிமே பேச்சுக்கு இடமில்லை."

பிரசவத்தன்று கத்திக் கத்தித் தொண்டை வற்றிய அம்மா, மகளின் உச்சந்தலையில் முகத்தைப் பதித்துக்கொண்டாள்.

"கேட்டுட்டாங்கடி, கண்ணு" என்றாள். "கேட்டுட்டாங்க."