வெறுவயிற்றில் குளிசை

என் கணவர் மரியநேசனுக்குச் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு வந்தது, களைத்துப்போனது நான். முல்லைத்தீவுக் கரையில் வலை இழுக்கிற மனிதர். காலில் ஆறாத புண்ணொன்று வந்ததும், காலையே எடுத்துவிடுவார்களோ என்று பயந்து, யார் எதைச் சொன்னாலும் செய்யத் தொடங்கினார். ஆஸ்பத்திரிக் குளிசை போதாதென்று முள்ளியவளை நாட்டு வைத்தியப் பரியாரியாரின் மூலிகைக் குடிநீர். அதுவும் போதாதென்று பாகற்காய்ச் சாறு. விடியக் கடற்கரையில் நடந்தால் நல்லதென்று ரேடியோவில் சொன்னார்களாம், அதுவும். நடப்பது அவர். இடிப்பதும் அவிப்பதும் பிழிவதும் நான். சனியன் பிடித்த வேலை, கை கழுவினாலும் கசப்பு மணம் போகாது.

குளிசையைப் பற்றி அவர் பரியாரியாருக்குச் சொல்லவில்லை. குடிநீரைப் பற்றி டொக்டரிடம் மூச்சும் விடவில்லை. கேட்டால், "இவருக்குச் சொன்னா இவர் கோவிப்பார், அவருக்குச் சொன்னா அவர் கோவிப்பார். எனக்கேன் பொல்லாப்பு?" என்பார்.

ஆஸ்பத்திரியில் மருந்து குடுக்கிற தாதி, அந்த மிஸிதான் என்னைத் தனியே கூப்பிட்டு, "குளிசை போட்டா நேரத்துக்குச் சாப்பாடு குடுங்கோ. வேர்த்து நடுங்கினா உடன சீனித்தண்ணி குடுங்கோ" என்றாள். வீட்டில் வந்து சொன்னேன். "எனக்குச் சீனியோ? அவளுக்கு விசர்" என்று சிரித்தார்.

பெரிய வெள்ளி வந்தது. ஒருசந்தி நோன்பு பிடித்தால் பின்னேரச் சடங்கு முடியும்வரை எங்களுக்குத் தண்ணீர்தான்.

"இஞ்சேருங்கோ, வருத்தக்காரருக்கு ஒருசந்தி இல்லையெண்டு பங்குச் சுவாமியே சொன்னவர்."

"பட்டினியும் உடம்புக்கு நல்லதாம்" என்றார். மருந்து ஒருசந்தியை முறிக்காதென்று தானே தீர்ப்பும் சொல்லி, வெறுவயிற்றில் குளிசையைப் போட்டு, குடிநீரையும் குடித்துவிட்டுக் கோயிலுக்கு வெளிக்கிட்டார். வாதாட எனக்குச் சீவன் இல்லை.

சிலுவைப்பாதை பாதியில், கோயில் வளவு மணலில் அப்படியே சரிந்தார். சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. கை நடுங்கியது. என்னைப் பார்த்து, "நீ ஆர்?" என்று கேட்டார். மிஸி சொன்னது நினைவுக்கு வந்தது. வெயில், வெயில் என்று சனம் விசிறியது. நான் கோயிலுக்குப் பக்கத்து வீட்டு றோஸ்மேரியின் குசினிக்குள் ஓடிச் சீனிப் போத்தலை எடுத்தேன்.

"சீனி வருத்தக்காரனுக்குச் சீனியோ? அதுவும் இண்டைக்கு! கொல்லப் போறியோ?" என்று அவள் போத்தலை இழுத்தாள்.

"விடடி! செத்தா அந்தப் பழி எனக்கு."

பிடுங்கிக் கோப்பையில் கரைத்துக்கொண்டு ஓடிவந்தேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஒருசந்தி... ஒருசந்தி" என்று முனகினார். தாடையைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கினேன். பாதி நெஞ்சில் வழிந்தது. எவ்வளவு நேரமோ, கண் தெளிந்தது.

"முறிச்சுப் போட்டியே, சூசை" என்றார் முதல் வார்த்தையாக, என் பெயரைச் சொல்லி.

"செத்த பிறகு என்ன ஒருசந்தி? நீங்கள் போனா நான் ஆரோட இருக்கிறது?" என்று கத்தினேன். சுவாமி செபத்தை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும். எனக்கு அழுகை அடங்கவில்லை.

அவர் மெல்ல எழும்பி உட்கார்ந்தார். "குளிசையை விடுறதோ, குடிநீரை விடுறதோ? நீ சொல்லு."

ஊரெல்லாம் கேட்ட மனிதர் என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கென்ன தெரியும்?

"ரெண்டு பேரிட்டயும் போய் உள்ளதைச் சொல்லுவம். இப்ப வீட்டை வந்து சோறு தின்னுங்கோ."

தோள் கொடுத்துத் தூக்கப் பார்த்தேன். ஏலவில்லை. நானும் காலையிலிருந்து பட்டினிதான். அவர் பக்கத்திலேயே மணலில் இருந்துவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கோப்பையில் மிச்சமிருந்ததை என் வாயில் வைத்து, "குடி" என்றார். குடித்தேன்.