கூரைவீடு கோவர்த்தனன்

கோவர்த்தனனுக்கு அந்தப் பெயர் வந்த கதையை அவரையே சொல்லச் சொன்னால் பாதியில் பேச்சை மாற்றிவிடுவார். அதனால் நாமே சொல்லிவிடுவோம்.

ஆந்திராவில் புத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. சேர்த்துவிட்ட முதல் நாள் வாத்தியார் பெரிய நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, வரிசையில் வந்த பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். இவன் முறை வந்தது.

"நீ இண்டி பேரு ஏமிரா?"

தெலுங்குக்காரர்களுக்கு ஆளின் பெயருக்கு முன்னால் குடும்பப் பெயர் ஒன்று உண்டு. அதற்குத்தான் இண்டி பேரு என்பார்கள். தமிழ் வீட்டுப் பிள்ளைக்கு இந்தச் சங்கதியெல்லாம் எங்கே தெரியும்? இண்டி என்றால் வீட்டினுடைய, பேரு என்றால் பேரு. நம் வீடு என்ன வீடு என்று சார் கேட்கிறார் போலிருக்கிறது. அவர்கள் தெருவில் மாடி வீடு ஒன்று, ஓட்டு வீடு நாலு. ஆறு வயதுப் பையன் கையைக் கட்டிக்கொண்டு உள்ளதை உள்ளபடி சொன்னான்.

"கூரை வீடு சார்."

சார் எழுதிவிட்டார். கூரைவீடு கோவர்த்தனன்.

சாயங்காலம் விஷயம் தெரிந்தபோது அவனுடைய நைனா வருத்தப்படவில்லை. கரும்புச் சோகையைக் கட்டு கட்டாகத் தலையில் சுமந்துவந்து, அந்தக் கூரையைத் தன் கையால் வேய்ந்தவர் அவர். "நம்ம வூட்டத்தான சொன்ன? பொய்யா சொன்ன?" என்று கேட்டுவிட்டுச் சோறு துன்னப் போய்விட்டார்.

நைனாவுக்கு என்ன, அவர் சோறு துன்னப் போய்விட்டார். பட்டது மகன். அந்த நோட்டில் ஏறிய பெயர் பத்தாம் வகுப்பு சர்டிஃபிகேட்டில் ஏறியது, ரயில்வே வேலை ஆர்டரில் ஏறியது, ஆதார் கார்டில் ஏறியது. பாகாலாவுக்கும் சித்தூருக்கும் நடுவே ஒரு லெவல் கிராசிங்கில் அவர் கேட்மேனாக முப்பத்திநாலு வருடம் வேலை பார்த்தார். கூரைவீட்டைத் தெலுங்கில் 'குடிசெ' ஆக்கிவிட்டார்கள். ஸ்டேஷனிலிருந்து போன் வரும். "குடிசெ காரு, கேட்டு மூசாரா?" குடிசை அவர்களே, கேட்டைச் சாத்திவிட்டீர்களா என்று அர்த்தம். அந்த 'காரு' மரியாதைக்குப் போட்டதல்ல, மரியாதை போல இருந்தால் கேலிக்கு ருசி கூடும் என்று போட்டது. புதிதாக வருகிறவன் கூட முதல் வாரமே கற்றுக்கொண்டுவிடுவான். மகள் காவ்யாவைப் பள்ளியில் சேர்த்தபோது கோவர்த்தனன் உஷாராக இருந்தார். இண்டி பேரு என்ற இடத்தில் கோடு போடச் சொல்லிவிட்டு, வெறும் ஜி. காவ்யா என்று எழுதவைத்தார். அப்படியும் பிள்ளைகள் விடவில்லை. குடிசெயின் மகள் அவளும் குடிசெ.

அவருக்கு ஓர் ஆசை இருந்தது. கேட் ரூமின் சுவரில் ஒரு தெலுங்குப் பேப்பரின் ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தை ஒட்டிவைத்திருந்தார். பனிக்காட்டுக்குள் ஒரு ரயில். கீழே, மாஸ்கோவிலிருந்து விளாடிவஸ்தோக் வரை ஒரே ரயில், ஏழு நாள், இரண்டு கண்டம் என்று போட்டிருந்தது. பேப்பர் பழுத்துப்போய், படத்தில் ரயில் எது காடு எது என்று தெரியாமலான பிறகும் அவர் அதைக் கிழிக்கவில்லை. ஏனென்றால் ரயில் என்பது அவருக்கு ஒரு நிமிஷத்துக்கும் குறைவான சமாச்சாரம். பச்சைக் கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். சக்கரத்தில் புகை வருகிறதா, அடியில் ஏதாவது தொங்குகிறதா என்று பார்க்க வேண்டும். கடைசிப் பெட்டியின் போர்டைப் பார்த்த பிறகுதான் கண்ணை எடுக்கலாம். ஜன்னலில் யார் இருந்தார்கள், சிரித்தார்களா, எதையும் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட மனிதருக்கு ஏழு நாள் ஒரே ரயிலுக்குள் என்றால் சும்மாவா?

ரிட்டயரான மறுமாசம் மனைவி வெங்கடம்மாதான் பேச்சை எடுத்தாள்.

"முப்பத்திநாலு வருசமா ரயிலுக்கு வழி வுட்டுக்கினு நின்ன. ஒருக்கா நீ போ. நானும் வரேன், அந்த ஊர்ல உனுக்கு எவ சோறு போடுவா?"

காவ்யா திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்கிறாள். பாஸ்போர்ட்டு, விசா, டிக்கெட்டு எல்லாம் அவள் பொறுப்பு. தன் ரூமில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு டிக்கெட் போட்டபோது அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தாள். "பாஸ்போர்ட்டுல இன்னா கீதோ அதயே போடு, ஒரெழுத்து மாத்தாத" என்று சொன்னாள். அம்மாவின் டிக்கெட் அப்படியே, கூரைவீடு வெங்கடம்மா என்றே வந்தது. அடுத்தது அப்பாவுடையது. காவ்யாவின் கை நின்றது. அங்கேயாவது யாரும் அவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றியது. 'கே கோவர்த்தனன்' என்று அடித்தாள். நம் ஊர் ரயிலில் இனிஷியலைப் போட்டுவிட்டு எத்தனை லட்சம் பேர் போய்வருகிறார்கள், யார் கேட்டார்கள்?

மாஸ்கோவில் கேட்டார்கள்.

பிளாட்பாரத்தில் ஒவ்வொரு பெட்டியின் வாசலிலும் ஒரு பணியாள் நின்று, பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் ஒத்துப் பார்த்துத்தான் ஏற்றுகிறார்கள். இவர்கள் பெட்டியில் நின்றவள் ஐம்பது வயதுக்காரி, நல்ல உயரம், சிரிப்பென்றால் என்னவென்று விசாரிக்கிற முகம். வெங்கடம்மாவின் காகிதங்களைப் பார்த்தாள், தலையாட்டினாள், வெங்கடம்மா மூட்டையோடு ஏறிப்போனாள். கோவர்த்தனனின் பாஸ்போர்ட்டைப் பார்த்தாள். டிக்கெட்டைப் பார்த்தாள். பாஸ்போர்ட்டில் நீளமாக இருந்த முதல் பெயரின் மேல் விரலை வைத்தாள், டிக்கெட்டில் இருந்த ஒற்றை எழுத்தின் மேல் விரலை வைத்தாள், தலையை இரண்டு பக்கமும் ஆட்டினாள். ஓரமாக நிற்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தாள்.

வண்டி கிளம்ப இருபது நிமிஷம். அவர் திருப்பதிக்குப் போன் போட்டார்.

"காவ்யா, டிக்கெட்டுல என் பேர இன்னாம்மா போட்ட?"

அந்தப் பக்கம் அழுகை. "நல்லதுக்குத்தான் நைனா பண்ணேன், காணிப்பாக்கம் சத்தியமா. அங்க போயும் உன்னப் பாத்து யாரும் சிரிக்கக்கூடாதுன்னுதான்..."

காணிப்பாக்கத்துப் பிள்ளையார் மேல் எங்கள் பக்கத்தில் யாரும் பொய்ச் சத்தியம் செய்யமாட்டார்கள். அவருக்கு மகள் மேல் துளிக் கோபம் வரவில்லை. கோபமெல்லாம் அந்தப் பெயர் மேல் வந்தது. ஐம்பத்திநாலு வருடமாகத் துரத்தி வந்து, பிளாட்பாரம் வரைக்கும் விட்டு, படியில் கால் வைக்கும் நேரத்தில் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டதே என்று பொருமினார். "அழுவாதம்மா, பாக்கலாம்" என்று வைத்துவிட்டார். பார்க்க என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை.

வெங்கடம்மா கீழே இறங்கிவந்தாள், மூட்டையோடு.

"நீ இன்னாத்துக்கு எறங்கின?"

"நீ இல்லாம நான் அங்க போய் யாரத் திட்டறது?" என்றவள் அவர் கையிலிருந்து டிக்கெட்டைப் பிடுங்கினாள். நேராக அந்த உயரக்காரியிடம் போய் இரண்டு டிக்கெட்டையும் சேர்த்துப் பிடித்தாள். தன் டிக்கெட்டில் இருந்த 'கூரைவீடு'வைத் தட்டினாள். அவர் டிக்கெட்டில் இருந்த 'கே'யைத் தட்டினாள். பிறகு அவர் மார்பைத் தட்டினாள், கடைசியில் தன் தாலியை எடுத்துக் காட்டினாள். உலகத்தில் எந்த ஊர்க்காரிக்கும் புரியாமல் போகாது. அவளுக்கும் புரிந்தது. உள்ளே பார்த்து யாரையோ கூப்பிட்டாள்.

ரயிலின் தலைமை அதிகாரி வந்தார், குட்டையாக, வழுக்கைத் தலையோடு. பாஸ்போர்ட் நம்பரைச் சரிபார்த்தார், அது ஒத்துப்போனது. போனை எடுத்து மொழிபெயர்க்கிற ஆப்பைத் திறந்து, மொழிகளின் பட்டியலை நீட்டினார். இருவரும் படித்தது தெலுங்கு எழுத்து. வெங்கடம்மாவின் விரல் தானாகவே அதன் மேல் போய் நின்றது. அதிகாரி போனுக்குள் என்னவோ கேட்டார். போன் ஒரு பெண் குரலில், சுத்தமான தெலுங்கில், கோவர்த்தனனைக் கேட்டது.

"மீ இண்டி பேரு ஏமிட்டி?"

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதே கேள்வி. நாலு வார்த்தை, புத்தூர் பள்ளிக்கூடத்திலிருந்து கிளம்பி மாஸ்கோவுக்கு வந்து காத்துக்கொண்டிருந்திருக்கிறது. தன்னை அறியாமல் கையைக் கட்டிக்கொண்டார்.

"கூரை வீடு சார்."

போனுக்குத் தமிழ் புரியவில்லை, விழித்தது. அதனால் தெலுங்கில் விளக்கினார். குடிசை. சோகை வேய்ந்த வீடு. எங்கள் நைனா கட்டியது. போன் அதை ரஷ்ய மொழியில் சொன்னது. அதிகாரியும் அந்த உயரக்காரியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்போது வரும் சிரிப்பு என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார், அது பழகிப்போன குனிவு.

சிரிப்பு வரவில்லை. உயரக்காரி போனை வாங்கித் தானே பேசினாள். போன் சொன்னது: "மஞ்சி பேரு. நேனு கூடா அலாண்டி இண்ட்லோனே புட்டானு. லோபலிக்கி ரண்டி." நல்ல பெயர், நானும் அப்படிப்பட்ட வீட்டில்தான் பிறந்தேன், உள்ளே வாருங்கள்.

அதிகாரி பேனாவை எடுத்து, டிக்கெட்டில் 'கே'க்குப் பக்கத்தில் அவர்கள் எழுத்தில் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுதும்போது ஒவ்வொரு எழுத்தாகச் சரிதானா என்று இவர் வாயைப் பார்த்து வேறு கேட்டுக்கொண்டார். அந்தப் பெயரை ஒருவர் இவ்வளவு பொறுமையாக எழுதி அவர் பார்த்ததே இல்லை. வண்டி நகர்ந்து கொஞ்ச தூரம் போகும்வரை அவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. "இன்னா, தூசா?" என்றாள் வெங்கடம்மா. "ஆமா, தூசு" என்றார்.

அந்த உயரக்காரியின் பெயர் கலீனா. பெட்டியின் கோடியில் எப்போதும் கொதித்துக்கொண்டிருந்த வெந்நீரை வெங்கடம்மாவின் சோற்றுக்கும் பருப்புப் பொடிக்கும் தாராளமாக விட்டாள். வெங்கடம்மா கொடுத்த, மாம்பழச் சாற்றை வெயிலில் காயவைத்து வெட்டிய தாண்ட்ராவை முதலில் சந்தேகமாக முகர்ந்தவள், அப்புறம் தானே கேட்டு வாங்கித் தின்றாள். அவர்கள் அறைப்பக்கம் வரும்போதெல்லாம், "குராயிவிடு! சாய்!" என்பாள். தேநீருக்கு அந்த ஊரிலும் கிட்டத்தட்ட நம் பேர்தான். இவர் பேரைத்தான் கொஞ்சம் நெளித்தாள். ஆனால் அதில் கேலி இல்லை. நெளிந்திருந்தாலும் அதில் ஒரு மனுஷன் இருந்தான்.

மறுநாள் சாயங்காலம் கதவைப் படபடவென்று தட்டினாள். "குராயிவிடு! ஆசியா! ஆசியா!" வலது பக்க ஜன்னலைக் காட்டினாள். கிலோமீட்டர் கல்லைப் பார்த்தே வாழ்ந்த மனிதர் அல்லவா, அவர் ஏற்கெனவே எண்ணிக்கொண்டுதான் இருந்தார். மாஸ்கோவிலிருந்து ஆயிரத்து எழுநூற்று எழுபத்தேழாவது கிலோமீட்டர். மரங்களுக்கு நடுவே ஒரு வெள்ளைத் தூண் வந்தது, போனது. அந்தப் பக்கம் ஐரோப்பா, இந்தப் பக்கம் ஆசியா. கேட் ரூம் சுவரில் பழுத்துக் கிடந்த அந்தக் காகிதம் இப்போது வெளியே ஓடிக்கொண்டிருந்தது.

கொஞ்ச தூரத்தில் ஒரு லெவல் கிராசிங். சின்ன ரூம், வாசலில் ஒரு பெண், கையில் சுருட்டிய மஞ்சள் கொடி. நம் ஊர் சிக்னலில் மஞ்சள் என்றால் எச்சரிக்கை, அதனால் அவருக்கு ஒரு கணம் திக்கென்றது. கலீனாவும் ஸ்டேஷன் விட்டுக் கிளம்பும்போதெல்லாம் அதே கொடியைப் பிடித்ததைப் பார்த்திருந்ததால், இந்த ஊரில் அதுதான் 'எல்லாம் சரி' என்று சமாதானமானார். ஜன்னலோரம் விறைப்பாக எழுந்து நின்று கையை உயர்த்தினார். அவள் அவரைப் பார்க்கவில்லை. சக்கரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அதுதான் அவள் வேலை. அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. தாயே, நீ நின்று பார்க்கிறாய், நான் போகிறேன், ரொம்ப நன்றி என்று மனதுக்குள் சொன்னார். சொல்லத் தொடங்கியதும் நன்றி நிற்கவில்லை. வெங்கடம்மாவின் வாய்க்கு நன்றி சொன்னார், தெலுங்கு வாத்தியாருக்குச் சொன்னார், தப்பாக அடித்த மகளின் விரல்களுக்கும் சொன்னார். சோகைக்கட்டுச் சுமந்த நைனாவுக்குச் சொல்லும்போது மட்டும் வாய்விட்டே சொல்லிவிட்டார்.

அடுத்த பெரிய ஸ்டேஷனில் வண்டி நின்றபோது காவ்யாவின் போன் வந்தது. வண்டி ஏறிய கதையையும் கலீனாவைப் பற்றியும் அவளுக்கு முதல் நாளே சொல்லியிருந்தார்.

"நைனா, ஆசியா வந்துச்சா?"

"வந்துச்சும்மா. பாத்தேன்."

"அந்தம்மா உன்ன இன்னான்னு கூப்புடறாங்க?"

"கூரைவீடுன்னுதான். அவங்க வாயில கொஞ்சம் கோணலா வருது."

அவள் சிரித்தாள். பிறகு தயங்கினாள். "நைனா, நானும் பாஸ்போர்ட்டுக்கு அப்ளை பண்ணலாம்னு ஃபாரம் தொறந்து வெச்சிக்கினு கீறேன். எல்லாம் எழுதிட்டேன். இண்டி பேரு எழுதற எடம் மட்டும் காலியா கீது."

கோவர்த்தனன் பிளாட்பாரத்தில் நின்றபடி தன் பெட்டியைப் பார்த்தார். வாசலில் கலீனா நின்றுகொண்டு, நேரமாகிறது, உள்ளே வா என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"காலியா இன்னாத்துக்கு வுடணும்?" என்றார். "அதான் நம்ம வூடு கீதே."