எங்கள் தெருவை விட்டுவிடுங்கள்

எந்தத் தெருவுக்கு எப்போது மின்தடை என்று மின்துறை அலுவலகத்தில் தீர்மானிப்பவர் அவர்தான். யாரும் குறை சொல்லக்கூடாதென்று, மதியம் இரண்டு மணித் தடைக்குத் தன் தெருவையே முதலில் போடுவார். வீட்டில் தினமும் வாங்கிக் கட்டிக்கொள்வார்.

அன்று தையல்காரியான மனைவி போனில் கெஞ்சினாள். "கல்யாணப் பொண்ணு சாயங்காலம் டிரஸ்ஸுக்கு வந்து நிப்பா. கரண்ட் இல்லேன்னா மெஷின் ஓடாது. இன்னிக்கு மட்டும் நம்ம தெருவ விட்டுடுங்களேன்."

வாதாடத் தெம்பில்லாமல் அன்றைய பட்டியலில் தன் தெருவை விட்டுவிட்டார்.

இரண்டு மணி தாண்டியும் கரண்ட் போகாததில் தெருவே மிரண்டது. எந்த நொடியும் போய்விடும் என்று எல்லா வீட்டிலும் மோட்டாரையும் இஸ்திரிப்பெட்டியையும் அவசரமாகப் போட, டிரான்ஸ்பார்மர் புகைந்து படுத்தது.

மறுபடி போன். "மகராசா, எப்ப வரும்?"

"நாளைக்குத்தான். கையால தைக்க முடியுமா?"

"வேற வழி? பட்டன் தைக்க நீங்க வந்து சேருங்க."